ஐஸ் கம்பெனிக்குள் எட்டுப் பாட்டு

பிள்ளைகளா, லீவு முடிந்து நான் மஸ்கட்டுக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, தமிழ் வகுப்புக்குப் போக வேனில் ஏறியதும் எல்லோரும் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "வேன் மாமா, ஒங்க பொண்ணு ராக் பாட்டுப் பாடுறாங்களாமே, நெசமா?" ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிக் கதை சொல்ல முடியாது. ரவுண்டானாவுக்கு ரவுண்டானா கதை அறுந்துபோகும். அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் உங்கள் தமிழ் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும்.

நெசம்தான். என் மகள் பெயர் கயல்விழி. கயல் என்று கூப்பிடுவோம். கிட்டார் வாசிப்பாள், பாடுவாள். அவள் கிட்டாருக்குக் கரண்ட் வேண்டும். ராக் என்றால் என்ன என்று நானும் ஒருநாள் போனில் அவளிடம் கேட்டேன். "மெதுவாச் சொன்னா காதுல வாங்கிக்கிற மாட்டாங்கப்பா, அப்படி ஒரு விஷயத்தைச் சொல்றதுக்கு இருக்கிற பாட்டு" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் ஊர் அறந்தாங்கி. புதுக்கோட்டை மாவட்டம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அங்கே ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கோரஸ் பாடப் போனாள். திருவிழா மேடையில் ஓரமாக நின்று ஆ, ஓ என்று பாடுகிற வேலை. மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அங்கே கிடந்த கிட்டாரை எடுத்துத் தட்டித் தட்டிப் பழகியவள். பிறகு திருச்சியில் கல்லூரி. நாலு பெண்கள் சேர்ந்து ஒரு பேண்டு. படிப்பு முடிந்ததும் ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு பெங்களூரில் வேலை, ஒருத்தி வீட்டில் விடவில்லை. பேண்டு போனது. அடுத்து சென்னை. மூன்று பையன்கள், இவள் ஒருத்தி. பல வருஷம் வாசித்தார்கள். ஆல்பம் கூடப் போட்டார்கள். ஆல்பம் என்றால் ஒரு பேண்டு தன் பாட்டுகளை வரிசையாகச் சேர்த்து வெளியிடுவது. அது வெளியே வந்தபோது, கயல் பாடிய இடத்தில் எல்லாம் வேறொரு பெண்ணின் குரல் இருந்தது.

"என் குரலு கரடுமுரடா இருக்காம்ப்பா. யாரும் கேக்க மாட்டாங்களாம்" என்று போனில் சொன்னாள். நான் அப்போது ரூவி பக்கம் டிராஃபிக்கில் நின்றிருந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேன். ஊருக்குப் போறேன். நானே ஒண்ணு ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் 'மூணாவது கியர்'. ஆட்கள் மூன்றே பேர். கயல். டிரம்ஸ் வாசிக்கிற ஆரோக்கியம், அவள் பழைய ஆர்கெஸ்ட்ரா கூட்டாளி. மூன்றாவது செந்தில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பேஸ் கிட்டார் வாசிப்பான், லேப்டாப்பில் பதிவும் செய்வான். எட்டுப் பாட்டு சொந்தமாகக் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் ஆரோக்கியத்துக்குச் சொகுசுக் கப்பலில் வாசிக்கிற வேலை கிடைத்தது. வீட்டு நிலைமைக்கு அவன் போகாமல் இருக்க முடியாது. புதன்கிழமை சாயங்காலம் சென்னை பஸ் ஏற வேண்டும். போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது.

பதிவு செய்யும்போது டிரம்ஸ்தான் முதலில். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. கிட்டாரையும் குரலையும் அதன் மேல் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அதனால் எட்டுப் பாட்டுக்கும் புதன்கிழமைக்குள் டிரம்ஸ் பதிவாக வேண்டும். இல்லையென்றால் இந்த பேண்டும் முந்தின மூன்றோடு சேர்ந்துவிடும். இந்த நிலைமையில்தான் நான் லீவுக்குப் போய் இறங்கினேன்.

வியாழக்கிழமை காலை திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே கயல் நின்றாள். பின்னால் கார் இல்லை. ஒரு குட்டி யானை நின்றது. பயந்துவிடாதீர்கள், அது சின்ன சரக்கு வண்டி, ஊரில் அதற்கு அப்படித்தான் பெயர்.

"டிரைவர் கடைசி நேரத்துல வரலைன்னுட்டாருப்பா. ஒங்க லைசென்ஸ் இருக்குல்ல?"

"நான் லீவுக்கு வந்திருக்கேன் தாயி."

"வண்டி ஓட்டுறதுலேருந்துமா லீவு?"

ஓட்டினேன். நம் மஸ்கட்டில் ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில். அங்கே எல்லாம் தலைகீழ். கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் வலது கையை நீட்டிக் கதவை இடித்தேன். புதுக்கோட்டை தாண்டுவதற்குள் விரல் முட்டி வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் கயலின் அம்மா ராசாத்தி என் கையைப் பார்த்துவிட்டு, "பிளேன்ல வந்தீங்களா, பிளேனைத் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். வீங்கிய முட்டியோடு நண்டு உடைத்துச் சாப்பிடுவது லேசான காரியமில்லை. ஆனாலும் முடித்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாமான்களை ஏற்றினோம். பதிவுக்குக் கயல் பிடித்திருந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். மண்டபக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. எங்கள் பக்கம் ஆடி மாதம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபமெல்லாம் பூட்டிக் கிடக்கும். "சும்மா கெடக்குறதுதானே, எடுத்துக்கத்தா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். பெரிய கூடம், நல்ல கூரை, கதவெல்லாம் சாத்தினால் அமைதி. டிரம்ஸை மணமேடையில் வைத்தார்கள். ஆரோக்கியம் அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், மேடை இருக்கு, மாப்பிள்ளையும் இருக்கான், பொண்ணு மட்டும்தான் பாக்கி" என்றான்.

செந்தில் எட்டு மைக்கை நிறுத்தி வயர் மாட்டி முடித்தான். கயல் கையைத் தூக்கினாள். ஆரோக்கியம் குச்சியைத் தட்டினான், ஒண்ணு, ரெண்டு. அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுத் தொடங்கியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஆடி வெள்ளி! ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆடி வெள்ளிக்கு ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் குழாய் கட்டுவார்கள் என்றும் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆர்கெஸ்ட்ராவில் வருஷக்கணக்காக ஆடித் திருவிழாவுக்கே வாசித்த கயலுக்கும் ஆரோக்கியத்துக்கும் கூடத் தோன்றவில்லை.

நான் கோயிலுக்குப் போய் மைக் செட்காரரைப் பார்த்தேன். கட்டிலில் படுத்தபடியே பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு மணி நேரம் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுங்களா? பக்கத்து மண்டபத்துல பிள்ளைக பாட்டுப் பதிவு பண்ணுதுங்க."

"பாட்டுக்காகப் பாட்டை நிறுத்தச் சொல்றீங்களா?"

"சத்தத்தையாவது கொறைச்சு வைங்கண்ணே."

"நான் கொறைச்சா ஆத்தா கோவிக்க மாட்டா. கோயில் கமிட்டித் தலைவர் கோவிப்பாரு. அவர் வீடு அங்கிட்டுக் கடைசியில இருக்கு, அவர் வீட்டு வரைக்கும் கேக்கணும். பொங்கல் வாங்கிட்டுப் போங்க."

பொங்கலோடு திரும்பி வந்தேன். அதற்குள் கிழக்கே இன்னொரு கோயில் தொடங்கியிருந்தது. தெற்கே மூன்றாவது. கயல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அழுவாளோ என்று பார்த்தேன். நிமிர்ந்து, "அப்பா, மாமா வீடு கொடும்பாளூர்ல காட்டுக்குள்ளதானே இருக்கு? கோயில் கிட்டத்துல இல்லையே?" என்றாள்.

சனிக்கிழமை கொடும்பாளூர் கிளம்பினோம். ராசாத்தியின் தம்பிக்கு அங்கே வயலுக்கு நடுவில் வீடு. ஆடி மாதக் காற்று தெரியுமா பிள்ளைகளா? நம் மஸ்கட் மணல் காற்று போல முகத்தில் குத்தாது. ஆனால் ஆளைத் தள்ளும். புதுக்கோட்டை தாண்டியதும் தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து படபடத்தது. உள்ளேயிருந்து ஒரு தாளத்தட்டு, பித்தளையில் பெரிய தாம்பாளம் மாதிரி இருக்கும், பறந்து ரோட்டில் விழுந்து 'ஜங்' என்று உருண்டு ஓடியது. ஆரோக்கியம் வண்டியிலிருந்து குதித்துப் பின்னாலேயே ஓடினான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் காலால் மிதித்து அதை நிறுத்தினார். தூக்கிப் பார்த்தார்.

"எந்த ஊரு சமையல்காரங்கப்பா? மூடியில ஓட்டை விழுந்திருக்கே."

"சமையல் இல்லண்ணே, மியூசிக்கு."

"அப்ப ஓட்டை இருக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தார். ஓரம் லேசாக நெளிந்திருந்தது. ஆரோக்கியம் அதைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டான். "முன்னைக்கு இப்பத்தான் அழகா அழுவுது" என்றான். அந்தக் கடையிலேயே பரோட்டா சாப்பிட்டோம். சால்னா காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. நம் மஸ்கட் ஹோட்டல் பரோட்டா நினைவுக்கு வந்து கொஞ்சம் அவமானமாகக் கூட இருந்தது.

கொடும்பாளூரில் மூவர் கோயில் இருக்கிறது. கல்லால் கட்டிய பழைய கோயில், சுற்றிலும் புல்வெளி. அங்கே குழாய் இல்லை, கூட்டமும் இல்லை. கயல் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக் காது கொடுத்துக் கேட்டாள். காற்றைத் தவிர ஒன்றுமில்லை. "இதுதாம்ப்பா எடம்" என்றாள்.

மச்சினன் வீட்டு நடு அறையில் எல்லாம் மாட்டி முடித்தோம். முதல் பாட்டு பாதி வரை நன்றாகப் போனது. திடீரென்று வெளியே ஒரு கதறல். யாரோ குழந்தையைக் கிள்ளிவிட்டது போல. செந்தில் ஹெட்போனைக் கழற்றினான்.

"யாரு கத்துனது?"

"மயிலு" என்றான் மச்சினன்.

"விரட்டுங்க மாமா."

"எதை விரட்ட? இங்கிட்டு நாப்பது, அங்கிட்டு நாப்பது திரியுது. விராலிமலைப் பக்கமிருந்து வந்தது, திரும்பிப் போகலை. மழைக்கு மேகம் கூடுனா இன்னும் கத்தும்."

ஆரோக்கியம் வேகமாக அடித்தால் மயில் பதிலுக்குக் கத்தியது. நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. "அங்கிள், நம்ம பேண்டுல நாலாவது ஆளு சேந்திருச்சு" என்றான் ஆரோக்கியம். சிரித்தோம். ஆனால் இருட்டும் வரை முயன்றும் ஒரு பாட்டு கூட முழுசாகத் தேறவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. கையில் ஒன்றுமில்லை.

திரும்பி வரும் வழியில் கயல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "விட்டுறலாமான்னு கேக்காதீங்கப்பா" என்றாள். நான் கேட்கவே இல்லை. ஆனால் கேட்கத்தான் வாயெடுத்திருந்தேன். "சத்தம் போகாத எடம் ஒண்ணு சொல்லுங்க. நாலு பக்கமும் கனமான சுவரு. அது போதும்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பஷீர் பாய் ஞாபகம் வந்தது. உங்களில் பெரிய பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். எனக்கு முன்னால் உங்கள் வேனை ஓட்டியவர். ஊருக்குப் போய் கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்தார். கடலுக்குப் போகிற படகுகளுக்கு மீன் கெடாமல் வைக்க ஐஸ் வேண்டும், அதை உண்டாக்குகிற இடம். மிஷின் பழுதாகி இப்போது ஓடவில்லை. ஐஸ் வைக்கிற குளிர் அறை மட்டும் சும்மா நிற்கிறது என்று சொல்லியிருந்தார். குளிர் வெளியே போகாமலிருக்க அந்தச் சுவருக்குள் முழங்கை நீளத்துக்குத் தெர்மாகோல் வைத்திருப்பார்கள். குளிர் போகாத சுவரில் சத்தம் போகுமா? வண்டியை ஓரம் கட்டிப் போன் போட்டேன்.

"பாட்டுப் பதியவா? வாங்க மச்சான். உள்ள வலை கெடக்கு, அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராசாத்தியும் எங்களோடு ஏறிக்கொண்டாள். "நீங்க போற எடமெல்லாம் காரியம் கெடுது. நான் வாரேன்" என்றாள். கோட்டைப்பட்டினத்தில் இறங்கியதும் கருவாட்டு வாசமும் உப்புக் காற்றும். பஷீர் பாய் குளிர் அறைக் கதவைத் திறந்தார். ரப்பர் ஓரம் வைத்த கனமான கதவு. உள்ளே சன்னல் கிடையாது. ஒரு மூலையில் பழைய மீன்வலை மலை போலக் குவிந்திருந்தது. செந்தில் நடுவில் நின்று கையைத் தட்டினான். தட்டிய சத்தம் அங்கேயே செத்துப்போனது. எதிரொலியே இல்லை. அவன் முகம் மலர்ந்தது. "வலையை யாரும் தொடாதீங்க! இதுக்குச் சென்னையில லட்சக்கணக்குல செலவு பண்றானுக" என்றான்.

நான் வெளியே நின்று கதவைச் சாத்தினேன். உள்ளே ஆரோக்கியம் முழு வேகத்தில் அடிக்கிறான் என்று தெரியும். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. காகம் கத்துவதுதான் கேட்டது.

ஆனால் உள்ளே வெக்கை. மின்விசிறி போட்டால் சத்தம் பதிவாகும். போடாவிட்டால் ஆள் வெந்துவிடும். கடைசியில் அடுத்த தெரு ஐஸ் கம்பெனியில் நாலு பார் ஐஸ் வாங்கி அண்டாவில் வைத்தோம். ஐஸ் கம்பெனிக்கு வெளியிலிருந்து ஐஸ் வாங்கியது ஊரில் நாங்கள்தான். அது இன்னொரு தொந்தரவைக் கொண்டுவந்தது. ஐஸ் உள்ளே போவதைப் பார்த்தவர்கள், பஷீர் பாய் கம்பெனி மறுபடி ஓடுகிறது என்று நினைத்துவிட்டார்கள். படகுக்காரர்கள் பெட்டியோடு வந்து நின்றார்கள்.

"ஐஸ் எப்பண்ணே கெடைக்கும்?"

"ஐஸ் இல்லைங்க. உள்ள பாட்டு எடுக்குறாங்க" என்றேன் நான்.

"ஐஸ் கம்பெனியில பாட்டா? குடுக்க இஷ்டமில்லாட்டி நேராச் சொல்லுங்க. போன வருசக் கோவத்தை இன்னும் மனசுல வச்சிருக்காரு பாய்."

கதவைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. யாராவது ஒருவர் தட்டினாலும் உள்ளே பாட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு ஸ்டூலைப் போட்டுக் கதவோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் அந்தச் சுவருக்குள் கேட்கவே கேட்காது. ஆனாலும் கயல் அந்த நேரங்களைப் பஷீர் பாயிடம் கேட்டு வைத்துக்கொண்டு, எல்லோரையும் நிறுத்தி வெளியே கூட்டி வந்தாள். பாய் தொழுகைக்குப் போவார். நாங்கள் டீ குடிப்போம். மதியம் பாய் வீட்டிலிருந்து இடியாப்பமும் கணவாய் மீன் ஆணமும் வந்தது. ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு. செந்தில் இலையை வழித்து நக்கினான். ராசாத்தி உள்ளே போய் அந்த அம்மாவிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு மாலைக்குள் இரண்டு பாட்டு. திங்கள்கிழமை மூன்று. செவ்வாய்க்கிழமை இரண்டு. கயலுக்கு ஒரு பாட்டு லேசில் தேறாது. "நல்லாத்தானே இருந்துச்சு" என்று செந்தில் சொன்னாலும், "நல்லாருக்கு. இன்னொரு தடவை" என்பாள். ஆரோக்கியத்தின் விரல்களில் பிளாஸ்திரி கூடிக்கொண்டே போனது. "கப்பல்ல என்னை நோயாளின்னு எறக்கி விட்டுருவானுக" என்று முணுமுணுப்பான், குச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போவான்.

மிச்சம் ஒரே பாட்டு. எட்டிலும் வேகமானது அதுதான். செவ்வாய் சாயங்காலம் அவனுக்கு மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. புதன் காலையில் முடித்துவிடலாம் என்று கையில் தைலம் தடவிவிட்டுப் படுத்தான்.

புதன்கிழமை காலை மைக்கெல்லாம் சரிபார்த்து முடித்த நேரத்தில் கரண்ட் போனது. பஷீர் பாய் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "மாசாந்திர வேலைக்கு இன்னிக்கு நிறுத்துறதா பேப்பர்ல போட்டிருந்தான் மச்சான். படிச்சேன், மறந்துட்டேன். இனிமே சாயங்காலம்தான் வரும்." ஆரோக்கியத்தின் பஸ்ஸும் சாயங்காலம்தான்.

பாயிடம் பழைய ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. ஓட்டிப் பார்த்தோம். தகரம் தட்டுகிற சத்தத்தோடு தரையே நடுங்கியது. செந்தில் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான்.

"எதெதுக்குக் கரண்ட் வேணும்?" என்று கயல் கேட்டாள்.

"எட்டு மைக் மாட்டுற பெட்டிக்கு வேணும். ஒன் கிட்டாருக்கு வேணும். லேப்டாப்புல பாதிக்கு மேல சார்ஜ் இருக்கு. சின்னப் பெட்டி ஒண்ணு கெடக்கு, அது லேப்டாப்புலேருந்தே எடுத்துக்கும். ஆனா ரெண்டு மைக்தான் போடலாம்" என்றான் செந்தில்.

"ரெண்டு மைக்ல டிரம்ஸா!"

"ஒத்த மைக்ல ஊர் பூரா கேக்கிற மாதிரி வாசிச்சவன் நானு" என்றான் ஆரோக்கியம். "ரெண்டு எனக்கு ஜாஸ்தி. ஆனா கயலு, ஒன் பாட்டு காதுல கேக்காம நான் எப்படி எடத்தைப் புடிப்பேன்?"

மற்றப் பாட்டுகளுக்கு, கயல் மெல்லப் பாடி வாசிப்பது வயர் வழியாக அவன் ஹெட்போனில் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அடிப்பான். இப்போது அதற்கு வழியில்லை. அவள் சத்தமாகப் பாடினால் டிரம்ஸ் மைக்கில் குரலும் விழுந்துவிடும்.

"சத்தமில்லாமப் பாடுறேன். நீ என் வாயைப் பாத்து வாசி" என்றாள் கயல்.

"இருட்டுல வாயை எப்படிப் பாக்குறது?"

"அப்பா, உள்ள வாங்க. லைட்டைப் புடிங்க" என்றாள்.

ராசாத்தி வாசல் காவலுக்கு உட்கார்ந்தாள். பாய் எமர்ஜென்சி லைட்டைக் கொடுத்தார். கதவு மூடியது. கயல் டிரம்ஸுக்கு எதிரே நின்றாள். நான் பக்கவாட்டில் நின்று அவள் முகத்துக்கு வெளிச்சம் பிடித்தேன்.

முதல் தடவை பாதியில் செந்தில் நிறுத்தினான். "ஒரு டப் டப் சத்தம் வருது." எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். கயல் என் காலைப் பார்த்தாள். "அப்பா, செருப்பு." எனக்கே தெரியாமல் தாளம் போட்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றி வலை மேல் வைத்தேன்.

இரண்டாவது தடவை கடைசிக்குக் கிட்டத்தில் ஆரோக்கியத்தின் குச்சி நழுவியது. அவன் வாய்க்குள் ஏதோ சொன்னான். கயல் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திவிட்டாள். "சார்ஜ் எறங்குது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும்" என்றான் செந்தில்.

மூன்றாவது தடவை. ஆரோக்கியம் தொடங்கினான். அந்த அறைக்குள் இடி விழுவது போல இருந்தது. என் நெஞ்சு அதிர்ந்தது. கயல் பாடினாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுக மூடித் திறந்தது, வாய் முழுசாகத் திறந்து கத்தியது. ஒரு சத்தமும் வரவில்லை. பிள்ளைகளா, இத்தனை வருஷம் நான் என் மகளைப் போனில்தான் கேட்டேன். முகம் இல்லாத குரல். அன்றைக்குத்தான் அவள் பாடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குரல் இல்லாத முகம். உதட்டைப் பார்த்து எனக்குப் புரிந்தது ஒரே சொல்தான். 'வாரேன், வாரேன்' என்று திரும்பத் திரும்ப வந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். கை வலித்தது. லைட்டை அசைக்கவில்லை.

கடைசி அடி விழுந்தது. தாளத்தட்டின் அதிர்வு அடங்கும் வரை ஒருவரும் மூச்சு விடவில்லை. செந்தில் விரலால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "சேவ் ஆயிருச்சு" என்று லேப்டாப்பை அணைத்தான். நன்றாக வந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்கச் சார்ஜ் இல்லை. கரண்ட் வந்தால்தான் தெரியும்.

வெளியே வந்து சாப்பிட்டோம். ஆரோக்கியம் சட்டை மாற்றினான், பையைக் கட்டினான். டிரம்ஸை மட்டும் பிரிக்கவில்லை. "சரியில்லேன்னா இன்னொரு தடவை அடிச்சிட்டு ஓடிருவேன்" என்றான். எல்லோரும் பாய் வீட்டு வாசலில் தொங்கிய பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பல்பு எரிந்தது. கயலும் செந்திலும் எழுந்து உள்ளே ஓடினார்கள். கதவு மூடியது. நானும் ஆரோக்கியமும் வெளியே நின்றோம். அவன் ஒரு காலில் நின்றான், மறு காலில் நின்றான். கதவு திறக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூரத்தில் ஹாரன் கேட்டது. பாய் ரோட்டுக்கு ஓடிப் போய்ப் பஸ்ஸை நிறுத்தக் கையைக் காட்டினார்.

"சொல்லிட்டாவது போப்பா" என்று நான் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தட்டாதீங்க அங்கிள்."

கதவில் காதை வைத்துக் கேட்டான். நானும் வைத்தேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலையேப்பா."

"கேக்காது அங்கிள். நான் அடிச்சது சரியில்லேன்னா இந்நேரம் வெளிய வந்து சட்டையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிருப்பா. வரலை பாருங்க." அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "கிட்டார் ஏத்திக்கிட்டு இருக்கா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். பையிலிருந்து குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பஸ் நகர்ந்த பிறகும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"கதவைத் தொறந்திராதீங்க! யாரு வந்தாலும் தொறந்திராதீங்க!"